சிகாகோ புறநகர்க் காடுகளில் சைக்கிள்: தார்ப் பாதையிலிருந்து மண் தடம் வரை

நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் பக்கம் குடிவந்த நம்மவர்கள் பலருக்கும் சைக்கிள் ஆசை கடையில்தான் தொடங்குகிறது. ஏப்ரல் கடைசியில் கொஞ்சம் வெயில் அடித்ததும் ஏதாவது பெரிய கடைக்குப் போய், முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த, பார்க்கக் கம்பீரமான ஒன்றை வாங்கி வந்துவிடுவார்கள். ஆகஸ்டில் அது கராஜ் சுவரில் சாய்ந்து நிற்கும். தார்ப் பாதையில் மிதிக்க அது கனம். உண்மையான மலைத் தடத்தில் விட்டால் அதன் பிரேக்கும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) தாங்காது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் பாதை, அப்புறம் அந்தப் பாதையின் தரை, கடைசியில்தான் சைக்கிள். எந்த டயர், எவ்வளவு காற்று, எந்த நாளில் போகலாம், எந்த நாளில் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த ஊரில் தரைதான் முடிவு செய்கிறது.

படி 1: யாருடைய காடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிகாகோவைச் சுற்றியுள்ள ஃபாரஸ்ட் பிரிசர்வ்கள் மாநிலப் பூங்காக்களும் அல்ல, ஊர்ப் பூங்காக்களும் அல்ல. ஒவ்வொரு கவுண்டியும் வரிப்பணத்தில் நிலம் வாங்கி, காடாகவும் புல்வெளியாகவும் காப்பாற்றி வரும் இடங்கள் இவை. குக் கவுண்டியில் 1914இல் மக்கள் வாக்களித்து இதற்கு ஒப்புதல் தந்தார்கள். 1916இல் வாங்கிய முதல் நிலம் பாலடைன் பக்கத்து டீர் குரோவ். இன்று குக் கவுண்டியிடம் மட்டும் ஏறக்குறைய 70,000 ஏக்கர் இருக்கிறது. டுபேஜ் கவுண்டி 1915இல் தன் பிரிசர்வ் மாவட்டத்தைத் தொடங்கியது. லேக் கவுண்டி 1958இல்தான் வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு சைக்கிள்காரருக்கு எதற்கு? கவுண்டி எல்லை தாண்டினால் விதியும் மாறுகிறது என்பதால்தான். இ-பைக் எந்தப் பாதையில் ஓடலாம், நாயைக் கூட்டிவரலாமா, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு. பொதுவாகச் சூரியன் மறைவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர் இது. பார்க்கிங் வாசலில் இருக்கும் பலகையை ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டு உள்ளே போங்கள்.

படி 2: தரையைப் பிரித்துப் பாருங்கள்

இங்குள்ள பாதைகளை மூன்றாகப் பிரிக்கலாம்: தார், பொடித்த சுண்ணாம்புக்கல், மண்.

தார்ப் பாதைக்கு நல்ல எடுத்துக்காட்டு, எல்க் குரோவ் வில்லேஜ் பக்கத்து பஸ்ஸே வுட்ஸ். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய எட்டு மைல். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் வேலிக்குள் எல்க் மான்கள் மேயும். 1920களிலிருந்தே அங்கே அவற்றை வளர்த்து வருகிறார்கள். குழந்தைகளோடு போக இதைவிடத் தோதான இடம் இல்லை. ஒரே சிக்கல், ஞாயிறு மாலையில் பாதி ஷாம்பர்க் அங்கேதான் இருக்கும். அதனால் காலையில் போய்விடுங்கள். நகரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு நார்த் பிராஞ்ச் டிரெயில் வசதி. ஆற்றோரமாகவே ஏறக்குறைய இருபது மைல் போய் க்ளென்கோவின் தாவரவியல் தோட்டத்தில் முடியும்.

சுண்ணாம்புக்கல் பாதைகளே இந்த வட்டாரத்தின் உண்மையான சொத்து. கல்லைப் பொடித்துப் பரப்பி உருளை ஓட்டி இறுக்கியிருப்பார்கள். காய்ந்திருக்கும்போது தார் மாதிரியே ஓடும். மழைக்கு மறுநாள் சற்று ஒட்டும். வீட்டனை மையமாக வைத்து அரோரா, எல்ஜின் என்று பிரிந்து போகும் இல்லினாய் பிரெய்ரி பாத் இந்த வகைதான். 1963இல் மே வாட்ஸ் என்ற இயற்கையியலாளர், கைவிடப்பட்ட ரயில் தடத்தை நடைபாதையாக மாற்றலாமே என்று சிகாகோ டிரிப்யூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த பாதை இன்று ஏறக்குறைய அறுபது மைல். ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்ற இறக்கமே கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

லேக் கவுண்டியில் டெஸ் பிளேன்ஸ் ஆற்றோரம் 31 மைலுக்கு இதே மாதிரி ஒரு பாதை விஸ்கான்சின் எல்லை வரை போகிறது. சாலைகள் குறுக்கிடும் இடங்களில் பெரும்பாலும் அடியில் சுரங்கவழி வைத்திருக்கிறார்கள். சிக்னலில் நிற்க வேண்டியதே இல்லை என்று சொல்லுமளவுக்கு நன்றாகத் திட்டமிட்ட பாதை.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது டேரியனில் இருக்கும் வாட்டர்ஃபால் க்ளென். ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சுற்றி ஒன்பதரை மைல் வளையம். பெயரைப் பார்த்து அருவியைத் தேடாதீர்கள். சிறிய அருவி ஒன்று உண்டு, ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை. டுபேஜ் பிரிசர்வின் ஆரம்ப காலத் தலைவர்களில் ஒருவரின் குடும்பப் பெயரே வாட்டர்ஃபால். லெமான்ட் ராமர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது போகிற வழியிலேயே இருக்கிறது. வடக்குப் பக்கம் சாதுவாகத் தொடங்கும். தெற்கே ஆற்றங்கரை மேட்டை நெருங்கும்போதுதான் இது இல்லினாயா என்று கேட்கவைக்கும் ஏற்றங்கள் வரும். இறக்கத்தில் பொடிக்கல் மேல் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். முதல் தடவை போகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்றாவது, மண். ஒரு சைக்கிள் மட்டும் போகும் அகலத்தில் மரங்களுக்கிடையே வளைந்து போகும் சிங்கிள் டிராக். இதற்குப் பேர்போன இடம் தென்மேற்கே இருக்கும் பாலோஸ். பனியுகத்தில் பனிப்பாறைகள் குவித்துவிட்டுப் போன மண்மேடுகள் அங்கே இருக்கின்றன. தட்டையான இந்த மாநிலத்தில் ஏற்றமும் இறக்கமும் பள்ளத்தாக்குமாக ஓட்டக் கிடைப்பது அதனால்தான். ஏறக்குறைய 15,000 ஏக்கர் காடு. கேம்பர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிகாகோ வட்டார மலைச் சைக்கிள் சங்கத்தின் தன்னார்வலர்கள் வார இறுதிகளில் மண்வெட்டியோடு வந்து இந்தத் தடங்களைப் பராமரிக்கிறார்கள்.

பாலோஸ் காட்டுக்குள் ரெட் கேட் வுட்ஸ் என்று ஓரிடம் இருக்கிறது. 1942 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் அணு உலை இயங்கியது. அடுத்த ஆண்டே அதைப் பிரித்து எடுத்து இந்தக் காட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். பிற்பாடு அதை அங்கேயே புதைத்தும் விட்டார்கள். இடத்தைக் காட்ட ஒரு கல் நிற்கிறது. ஆர்கான் ஆய்வகத்துக்குப் பெயர் வந்ததும் இந்தக் காட்டின் பழைய பெயரிலிருந்துதான். தடத்தில் மூச்சு வாங்க நிற்க ஒரு சாக்கு வேண்டுமானால் அந்தக் கல் போதும்.

படி 3: இப்போது சைக்கிள்

தாரிலும் சுண்ணாம்புக்கல்லிலும் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், சாலைச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான ஹைபிரிட் போதும். 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர், டிஸ்க் பிரேக், நிமிர்ந்து உட்காரும்படியான ஹேண்டில்பார். சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம். விலை குறைந்த ஃபோர்க் அதிர்வை வாங்குவதைவிட எடையைக் கூட்டுவதுதான் அதிகம்.

மண் தடமும் ஆசையாக இருந்தால் ஹார்ட்டெயில் வாங்குங்கள். முன்னால் மட்டும் 100 அல்லது 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், 29 அங்குலச் சக்கரம், 2.2 அங்குலத்துக்குக் குறையாத டயர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம். பாலோஸுக்கு இது தாராளம். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வைத்ததை இந்த ஊருக்காக வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பிரேக் உள்ள ஹார்ட்டெயில் வாங்கிக்கொள்ளலாம்.

சைஸ் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் விற்கிறார், விலை குறைவு என்பதற்காகப் பெரிய ஃபிரேமை வாங்காதீர்கள். சைக்கிள் கடையில் ஏறி உட்காரவைத்துப் பார்ப்பார்கள், அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். ஹார்ட்டெயிலின் நடுக்கம்பிக்கு மேல் இரு காலையும் ஊன்றி நிற்கும்போது இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும்.

ஹெல்மெட் உள்ளே சி.பி.எஸ்.சி. (அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம்) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பேடிங் வைத்த ஷார்ட்ஸைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பன்னிரண்டாவது மைலில் சிரிக்கமாட்டார்கள்.

படி 4: காற்று

செலவே இல்லாமல் பெரிய வித்தியாசம் தருவது இதுதான். டயர் ஓரத்தில் போட்டிருக்கும் எண் உச்ச அளவு, அந்த அளவுக்கு நிரப்ப வேண்டும் என்று அர்த்தமில்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் சுண்ணாம்புக்கல்லில் போக 45 முதல் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) சரியாக இருக்கும். மண் தடத்துக்கு 2.3 அங்குல ட்யூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 22, பின்னால் 25 என்று தொடங்குங்கள். உள்ளே டியூப் இருந்தால் நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேரில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். எடை கூடுதலானால் காற்றும் கொஞ்சம் கூட வேண்டும். அளவுமானி உள்ள தரை பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் இந்த அளவுகளுக்கு உதவாது.

படி 5: காரில் ஏற்றுவது

மினிவேன் வைத்திருப்பவர்கள் முன் சக்கரத்தைக் கழற்றிப் பின் சீட்டை மடக்கிவிட்டால் இரண்டு சைக்கிள் உள்ளே போய்விடும். இதில் ஒரு விஷயம் கவனம். ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடாதீர்கள். குழந்தைகள் கட்டாயம் அழுத்திப் பார்ப்பார்கள். அப்படி அழுத்தினால் டிஸ்க்கைப் பிடிக்கும் இரண்டு பிரேக் பேடும் ஒட்டிக்கொண்டு, திரும்ப மாட்டும்போது டிஸ்க் உள்ளே நுழையாது. மடித்த அட்டைத் துண்டு ஒன்றைப் பேடுகளுக்கு நடுவே செருகி வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. டிக்கியில் பட்டை கட்டி மாட்டும் ரேக் மலிவுதான், ஆனால் நெடுஞ்சாலையில் அடிக்கடி கண்ணாடியைப் பார்க்கவைக்கும். காருக்குப் பின்னால் இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தில் பொருத்தும் ஹிட்ச் ரேக் ஒருமுறைச் செலவு.

கார் இல்லாமலும் போகலாம். மெட்ரா என்னும் புறநகர் ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்கள். வீட்டனில் இறங்கினால் பிரெய்ரி பாத் பக்கத்திலேயே. ஜெனீவாவில் இறங்கினால் சற்றுத் தூரத்தில் ஃபாக்ஸ் ஆற்றுப் பாதை. அதில் தெற்கே கொஞ்ச தூரம் மிதித்தால் ஃபேபியன் காற்றாலை வந்துவிடும்.

படி 6: பாதையில் நடந்துகொள்ளும் விதம்

சைக்கிள்காரர் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும். வலது பக்கம் போங்கள், இடது பக்கம் முந்துங்கள். முந்தும்போது இங்கே எல்லோரும் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் மாலையில் இந்தப் பாதைகளில்தான் நடக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க இடது பக்கம் போய்ப் பழகியவர்கள். பின்னாலிருந்து "லெஃப்ட்" என்று சத்தம் கேட்டால் சட்டென்று இடது பக்கமே நகர்வார்கள், நீங்கள் வரும் வழிக்கே. அதனால் மணி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலேயே ஒருமுறை அடித்து, வேகத்தைக் குறைத்து, அவர்கள் திரும்பிப் பார்த்த பிறகு தாண்டுங்கள். நம்மவர் என்று தெரிந்தால் "அம்மா, இந்தப் பக்கமா வர்றேன்" என்று சொன்னாலே போதும். வீட்டில் பெரியவர்கள் வந்திருந்தால் அவர்களை வலது பக்கம் நடக்கப் பழக்கிவிடுவதும் நம் வேலைதான்.

பாலோஸில் குதிரைகள் அதிகம். எதிரே குதிரை வந்தால் இறங்கி ஓரமாக, முடிந்தால் சரிவின் தாழ்ந்த பக்கம் நின்று, மேலே இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேச்சுக் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் சைக்கிளும் ஹெல்மெட்டுமாக நிற்பது ஒரு மனிதன்தான் என்று குதிரைக்குப் புரியும். மணி அடிப்பது இங்கே கூடாது.

படி 7: மண் தடத்தில் முதல் நாள்

முதலில் பாலோஸின் அகலமான சரளைப் பாதைகளில் ஒரு சுற்று. புல்ஃப்ராக் ஏரி, மேப்பிள் ஏரி பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடங்கலாம். கைபேசியில் டிரெயில்ஃபோர்க்ஸ் செயலியைப் போட்டுக்கொண்டால் எந்தத் தடம் பச்சை, எந்தத் தடம் நீலம் என்று தெரியும். பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். த்ரீ ராவின்ஸ் என்று பெயரிலேயே மூன்று பள்ளத்தாக்கை வைத்திருக்கும் தடம் முதல் நாளுக்கு வேண்டாம்.

சிங்கிள் டிராக்கில் நுழைந்ததும் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, முழங்காலும் முழங்கையும் மடங்கி, பிரேக்கில் ஒவ்வொரு விரல் மட்டும். இந்த நிலையில் சைக்கிள் உங்களுக்குக் கீழே ஆடும், நீங்கள் ஆடமாட்டீர்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக்கூடாது. பத்துப் பதினைந்து அடி தள்ளிப் பாருங்கள். மரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் மரத்தில்தான் போய் முட்டுவோம். இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஹேண்டில்பார் தானாக அங்கே போகும்.

பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் டயருக்குத் திரும்பும் பிடியும் போய்விடும். கியரும் அப்படித்தான், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே எளிய கியருக்கு மாற்றிவிடுங்கள். பாதி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கதறும், சில நேரம் அறுந்தே போகும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கினால் சீட்டின் நுனிக்கு நகர்ந்து மார்பைத் தாழ்த்துங்கள்.

வேர்கள்தான் இந்தக் காட்டின் முதல் எதிரி. ஓக் மர வேர் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும்போது நேர்செங்குத்தாகத் தாண்டுங்கள். சாய்வாக ஏறினால், அதுவும் ஈரமாக இருந்தால், டயர் வேரோடேயே வழுக்கிப் போகும். முடியாது என்று தோன்றினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். எல்லோரும் தள்ளுகிறார்கள்.

படி 8: எப்போது போகக்கூடாது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பாலோஸின் மண் களிமண். மழை பெய்தால் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. அந்த ஈரத்தில் ஒரு சைக்கிள் போனால் டயர் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும். அடுத்த மழையில் அதில் தண்ணீர் நிற்கும். அடுத்து வருபவர் அதைத் தவிர்க்க ஓரமாகப் போவார். கொஞ்ச நாளில் ஒற்றைத் தடம் மாட்டு வண்டிப் பாதை ஆகிவிடும். தன்னார்வலர்கள் வெட்டிச் சீராக்கியது வீண்.

கிளம்பும் முன் தடத்தின் நிலவரத்தை டிரெயில்ஃபோர்க்ஸிலோ சங்கத்தின் பக்கத்திலோ பார்த்துவிடுங்கள். மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகும் சோதிக்கலாம்: பத்தடி ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். டயர் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தாலோ, மண் டயரில் அப்பிக்கொண்டு ஃபிரேமில் உரசினாலோ, அன்றைக்குத் தடம் இல்லை. வாட்டர்ஃபால் க்ளென் அங்கிருந்து அதிக தூரம் இல்லை. சுண்ணாம்புக்கல் ஓரளவு ஈரத்தைத் தாங்கும்.

மார்ச் மாதம் இதில் மிக மோசம். இரவில் உறைந்து, பகலில் உருகும். காலை எட்டு மணிக்குக் கல் மாதிரி இருந்த தடம் பதினொரு மணிக்குச் சேறாகிவிடும். நல்ல ஜனவரிக் குளிரில் நாள் முழுக்க உறைந்திருந்தால் தாராளமாக ஓட்டலாம்.

படி 9: பூச்சி, இலை, மான்

உண்ணிதான் கவலைப்பட வேண்டியது. மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும், லைம் நோயைப் பரப்பும். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் தேடி எடுப்பதே நல்ல மருந்து. முழங்கால் பின்புறம், இடுப்புப் பட்டை, அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளின் தலைமுடி என்று பாருங்கள். கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவும். தீக்குச்சி, எண்ணெய் வைத்தியம் எதுவும் வேண்டாம். போகும் முன் டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்து கலந்த ஸ்பிரே அடித்துக்கொண்டால் கொசுவுக்கும் சேர்த்துப் போதும்.

பாய்சன் ஐவி மூன்று மூன்று இலையாக இருக்கும், நடு இலைக்குக் காம்பு நீளம். பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அக்டோபர், நவம்பரில் மான்கள் இணை தேடி ஓடும் காலம், எதையும் பார்க்காமல் குறுக்கே பாயும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: பையில் என்ன, தண்ணீர் எங்கே

சரியான அளவு டியூப் ஒன்று, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, கைப் பம்ப், மல்டி டூல், அறுந்த செயினை இணைக்க ஒரு குயிக் லிங்க். பஞ்சரானால் டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். முள் இன்னும் அங்கேயே இருந்தால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். குக் கவுண்டிக் காடுகளில் சில இடங்களில் அடிபம்பு இருக்கிறது, நம்மூரில் பார்த்த அதே அடிபம்பு. ஷில்லர் வுட்ஸில் இருப்பது பிரசித்தம். அந்தத் தண்ணீருக்கு மகிமை உண்டென்று நம்பி, கேன் கேனாகப் பிடித்துப் போகிறார்கள். மகிமை இருக்கட்டும், எல்லா பம்பும் எல்லா நாளும் வேலை செய்வதில்லை.

திரும்பி வந்ததும் சுண்ணாம்புத் தூளைச் செயினிலிருந்து துடைத்து, இரண்டு சொட்டு செயின் ஆயில் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஹோஸ் பைப்பை அழுத்தி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போகும்.

பாலோஸின் நீலத் தடங்கள் கைக்கு வந்துவிட்டால் அடுத்து விஸ்கான்சினின் கெட்டில் மொரெய்ன் காடு. அங்குள்ள ஜான் மியூர், எம்மா கார்லின் தடங்கள் சிகாகோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே பாலோஸ் மாதிரி இலவசம் கிடையாது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தடத்துக்குப் பாஸ் வாங்க வேண்டும், காருக்குத் தனியாக ஒரு ஸ்டிக்கர். இல்லினாய் நம்பர் பிளேட் என்றால் அந்த ஸ்டிக்கர் கொஞ்சம் விலை கூடும்.